தடைக்காலத்தில் முடிகிறது எங்கள் பட்டம்

காரைக்காலில் இந்த ஆண்டு மூன்றாம் ஆண்டை முடிக்கும் எங்கள் அணியைக் காரைக்கால்மேட்டுப் பெரியவர்கள் வேறு விதமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ‘சுனாமிக்குப் பின்னாடி பொறந்த புள்ளைங்க.’ பிளஸ் டூ முடித்து 2023-இல் கல்லூரியில் சேர்ந்த நாங்கள் பெரும்பாலும் 2005 நடுவிலிருந்து 2006 நடுவுக்குள் பிறந்தவர்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தபோது எங்களில் சிலர் அம்மாவின் வயிற்றில் இருந்தோம். மற்றவர்கள் அப்போது இல்லவே இல்லை. அந்தக் காலையைப் பார்க்காதவர்களால் நிரம்பிய முதல் இறுதியாண்டு வகுப்பு எங்களுடையது.

அன்று காரைக்கால் பகுதியில் மட்டும் ஐந்நூறை நெருங்கிய உயிர்கள் போயின. அதிகம் பறிகொடுத்த ஊர்களில் எங்கள் காரைக்கால்மேடும் ஒன்று. இன்றும் டிசம்பர் 26 அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. கரையில் பூ தூவி, பால் ஊற்றிவிட்டு வந்து, அன்று முழுக்க வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். சின்ன வயதில் எனக்கு அது ஏதோ நோன்பு போலத்தான் பட்டது. அந்த அலையின் கதை எங்களுக்கு அடுத்தவர் வாய்வழி வந்தது. ஆனால் அதன் கணக்கு எங்கள் பெயரிலேயே இருக்கிறது.

பெயர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பிறகு பிள்ளைகளை அலைக்குக் கொடுத்த தாய்மார்கள் இந்தக் கரையில் நிறையப் பேர். அவர்கள் மறுபடி கருத்தரிக்க அறுவை சிகிச்சை செய்துகொள்ள, தமிழ்நாட்டு அரசு 25,000 ரூபாய் உதவி அறிவித்தது. நாகை, காரைக்கால் கரையில் அப்படிப் பிறந்த பிள்ளைகளில் பலருக்குப் போன பிள்ளையின் பெயரையே வைத்தார்கள். என்னோடு பள்ளியிலிருந்து படிக்கும் ஒருவனுக்கு அவன் அண்ணனின் பெயர். அண்ணனை அவன் பார்த்ததில்லை. சட்டம் போட்ட படத்தில்தான் பார்த்திருக்கிறான். இந்த வருஷம் தேர்வு விண்ணப்பத்தில், பட்டச் சான்றிதழில் எப்படி அச்சாக வேண்டுமோ அப்படியே பெயரை எழுது என்றார்கள். அவன் எழுதி முடித்துவிட்டு, “இந்தப் பேருக்கு அம்மா ரெண்டு தடவ பள்ளிக்கூடத்துல பணம் கட்டியிருக்காங்க. காலேஜுக்குப் போறது இதான் மொத தடவ” என்றான். எங்கள் வகுப்பில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இறுதியாண்டு என்றால் நினைவுக்கு வருகிற எல்லாம் எங்களுக்கும் உண்டு. பிரிவு உபசார விழா, ஒரே நிறத்தில் புடவை, படிக்கட்டில் வரிசையாக நின்று எடுத்த குரூப் போட்டோ, கடைசி நேரத்தில் கையெழுத்து வாங்க ஓடும் ரெக்கார்ட் நோட்டு, முதலாண்டு அரியரை இன்னும் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் நண்பர்கள். அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு ஒன்று. எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது எல்லா வீட்டிலும் சொல்லும் ஒரே வாக்கியம் இருக்கிறது: “படிச்சாக் கடலுக்குப் போவ வேணாம்.” அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நானும் கல்லூரி வரை வந்தேன். கடைசி வருஷத்தில்தான் அது எனக்குப் போதவில்லை.

‘ஓரளவு உடன்படுகிறேன்’

நான் படித்தது பொருளாதாரம். இறுதியாண்டில் புராஜெக்ட் செய்ய வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் இணையவழி வணிகம், யு.பி.ஐ. பயன்பாடு என்று தலைப்பு எடுத்தார்கள். எனக்கு அம்மா தினமும் போகும் ஏலத்தைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. ‘மீன் ஏலமும் பெண் சிறு வியாபாரிகளும்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் பார்த்துவிட்டு, “உனக்குத் தெரிஞ்ச எடம்னு சுலபமா முடிச்சுடலாம்னு நெனைக்காத” என்று மட்டும் சொன்னார். அது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்பது கரையில் போய் நின்ற பிறகுதான் புரிந்தது.

வினாப்பட்டியல் தயாரித்தாகிவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில்கள்: முழுவதும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன், கருத்து இல்லை, உடன்படவில்லை, சிறிதும் உடன்படவில்லை. விடிவதற்கு முன் படகுகள் வந்து சேரும் நேரம். அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அத்தை ஒருவரிடம், “ஏல முறை வெளிப்படையாக உள்ளது என்பதை நீங்கள்…” என்று படிக்க ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்கக் கொட்டிக் கிடந்த கவலை மீன் குவியல் மேல் இருந்தது. “ஏ புள்ள, ஓரளவுன்னா எவ்ளோடி? கால் கூடையா, அரைக் கூடையா?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே அளவு கேட்டார். அந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். மீனைக் குவியலாகக் கொட்டியதும் ஏலக்காரர் ஒரு விலையிலிருந்து தொடங்குவார். தனியாக ஒரு குவியலை எடுக்க முடியாத பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒருத்தியை விட்டுக் கேட்க வைப்பார்கள். கிடைத்ததும் அங்கேயே தரையில் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். எடைத்தராசு கிடையாது. பெரிய மீன் ஒன்று கூடுதலாகப் போன கூறுக்கு இரண்டு சின்ன மீனை எடுத்து அடுத்த கூறுக்குத் தள்ளுவார்கள். சண்டை வந்தால் சீட்டுப் போடுவார்கள். எல்லாம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏனென்றால் வெயில் ஏறும் முன் ஐஸ் உடைத்துப் போட்டு, பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, திருநள்ளாறு, நெடுங்காடு, அம்பகரத்தூர் என்று தெருத்தெருவாகப் போக வேண்டும். மீன் காத்திருக்காது.

இதற்கு முதல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து சதவீதம்தானே என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் பணம் நூறு நாளும் முழுசாகக் கையில் இருப்பதில்லை. தினமும் குறைந்துகொண்டே வருகிறது. வகுப்பில் படித்த முறைப்படி கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதாக நினைத்து, ராத்திரி அம்மாவிடம் காட்டினேன். அம்மா வலைப்பையைத் தைத்துக்கொண்டே, “வட்டி தெரியாமயா வாங்குறோம்? விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்த பேங்கு தொறந்து வெச்சிருக்கான், சொல்லு” என்றார்.

என் புராஜெக்டில் எனக்குப் பிடித்த வரி அதுதான். முடிவுரையில் அதைக் கொஞ்சம் புத்தக நடைக்கு மாற்றி எழுதினேன்: கடனின் விலையைவிடக் கடன் கிடைக்கும் நேரம்தான் இந்தத் தொழிலை நடத்துகிறது. வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த இடத்தில் நிறுத்தி, “இது யார் சொன்னது?” என்று கேட்டார். அம்மா என்றேன். குறித்துக்கொண்டார்.

அறுபத்தொரு நாள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாள். எங்கள் கடைசி செமஸ்டர் தேர்வு சரியாக இந்த நாட்களுக்குள்தான் வருகிறது. பாடத்திட்டம் போட்டவர்கள் கடலைப் பார்த்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் காரைக்கால் கரையில் மீனவ வீட்டுப் பிள்ளை யார் பட்டம் முடித்தாலும் வருமானமில்லாத இரண்டு மாதத்தில்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, ஏலக் கமிஷன் எல்லாம் கழித்து, படகுக்கு உரியதை எடுத்துக்கொண்டு, மீதியை ஆட்கள் பிரித்துக்கொள்வது வழக்கம். பாடு இல்லாவிட்டால் பங்கும் இல்லை. தடைக்காலத்தில் அரசு நிவாரணம் கொடுக்கிறது. அது வீட்டுக்கு அரிசி, பருப்பு என்று போய்விடும். இதே இரண்டு மாதத்தில்தான் தேர்வுக் கட்டணம், மாற்றுச் சான்றிதழுக்கான பணம், மேற்படிப்பு விண்ணப்பம், பிரிவு விழாவுக்குப் புடவை, குரூப் போட்டோ எல்லாம் வருகின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை சேர ‘கியூட்’ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான கட்டணத்தைப் படகு ஓடும் நாளிலேயே கட்டிவிட்டதால் தப்பித்தேன். குரூப் போட்டோவை வாங்காமல் விட்டவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லோருக்கும் அது நிஜமாகவே வேண்டாமலா இருந்தது?

ஆனால் இந்த நாட்களில்தான் அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள். இதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மற்ற மாதங்களில் அப்பா கடலுக்குப் போனால் திரும்பச் சில நாட்கள் ஆகும். வந்த பிறகும் தூக்கம்தான். நான் படிப்பதை அவர் பார்த்ததே தடைக்காலத்தில்தான். திண்ணையில் வலை பொத்திக்கொண்டே, நான் உரக்கப் படிப்பதைக் கேட்பார். ஒருநாள் வேளாண் பொருளாதாரத் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நிலம், பாசனம், குறைந்தபட்ச ஆதரவு விலை என்று பாடம் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஊசியை நிறுத்திவிட்டு, “நெல்லுக்கு அரசாங்கம் வெல வெக்கிது. கவலைக்கு யாரு வெல வெக்கிறாங்கன்னு அதுல போட்டிருக்கா?” என்று கேட்டார். போடவில்லை. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மீன்வளத்துக்கு ஒரு பத்தி இருந்தது, அவ்வளவுதான்.

அப்பாவுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதை இந்த வருஷம் உட்கார்ந்து கேட்டேன். நீவாடு என்று நாங்கள் சொல்லும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வாடைக் காற்று எப்போது விழும், கச்சான் காற்று எழும்பினால் கரைப்பக்கம் என்ன வரும், கலங்கல் தண்ணீரில் எந்த மீன் நிற்கும், எந்த இடத்தில் அடியில் பாறை கிடந்து வலையைக் கிழிக்கும். இன்னொரு பக்கம், ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பசுமையையும் பார்த்து, மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. எங்கள் படகுக்காரர்கள் அந்தத் தகவலைப் போனில் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு நீவாட்டையும் பார்க்கிறார்கள். இரண்டையும் வைத்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் ஒரு வகுப்பறை மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கடல் என்றால் பயமும்தான். 2025 ஜனவரி 28 விடியற்காலையில் நெடுந்தீவுக்குப் பக்கத்தில் காரைக்கால் படகு ஒன்றின் மேல் இலங்கைக் கடற்படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. படகில் இருந்த பதின்மூன்று பேரில் ஐந்து பேருக்குக் காயம். அப்போது நாங்கள் இரண்டாம் ஆண்டு. மீனவ வீட்டுப் பிள்ளைகள் யாரும் அன்று வகுப்பைக் கவனிக்கவில்லை. மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, பெயர்ப் பட்டியல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். “படிச்சாக் கடலுக்குப் போவ வேணாம்” என்று அம்மாக்கள் ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

வாஞ்சூரைத் தாண்டினால் வெளிமாநிலம்

பட்டம் கையில் வந்த பிறகு என்ன என்ற கேள்வி காரைக்காலில் கொஞ்சம் சிக்கலானது. சுமார் 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குப்படி இரண்டு லட்சத்துச் சொச்சம் மக்கள். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நாங்கள் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். தலைநகருக்குப் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டு மண்ணைத் தாண்டி 130 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போக வேண்டும். புதுச்சேரிக்குத் தனியாகப் பணியாளர் தேர்வாணையம் கிடையாது. ஏதாவது துறை அறிவிப்பு வெளியிடும்வரை காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தேர்வாணையத் தேர்வை எழுதலாம். ஆனால் இட ஒதுக்கீடு இல்லாமல் பொதுப் பிரிவில்தான் எங்களைப் பார்ப்பார்கள். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கே இருக்கும் என் சித்தி மகளும் நானும் ஒரே பாஷை, ஒரே சாமி, ஒரே சாப்பாடு. விண்ணப்பப் படிவத்தில் மட்டும் நாங்கள் வேறு வேறு.

படிப்பின் வடிவமும் இப்போது வேறாகிவிட்டது. புதிய கல்விக் கொள்கையின்படியான நான்காண்டுப் பாடத்திட்டம் புதுச்சேரிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு 2023-24-இல் வந்தது. முதல் அணி நாங்கள்தான். 120 கிரெடிட்டோடு மூன்றாம் ஆண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். இன்னும் ஓர் ஆண்டு இருந்து 160 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ். ஆறு செமஸ்டரிலும் சேர்த்து 75 சதவீதம் வைத்திருந்தால் நான்காம் ஆண்டில் ஆய்வும் செய்யலாம். அதற்குப் பிறகு முதுநிலை ஒரே ஆண்டில் முடியும். நாகூர்ப் பிள்ளைக்கு இந்தக் குழப்பமே இல்லை. தமிழ்நாடு இந்தக் கொள்கையை ஏற்கவில்லை. எங்களுக்கோ இறுதியாண்டு எது என்பதே வருஷம் முழுக்க ஒரு விவாதம். பிரிவு விழாவில் அழுதவர்களில் சிலர் ஜூலையில் அதே பெஞ்சுக்குத் திரும்பலாம்.

காகிதத்தில் அந்த நான்காம் ஆண்டு நன்றாக இருக்கிறது. கடலோர வீட்டில் அதன் கணக்கு வேறு. ஆண் பிள்ளை என்றால், இன்னும் ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் இருப்பானா என்று கேட்பார்கள். பெண் என்றால் கேள்வியே வேறு. “மூணு வருஷத்துல பட்டம் வந்துடுதுல்ல, அப்புறம் என்ன?” என்று எங்கள் ஆயா கேட்டார். எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு நிச்சயமாகிவிட்டது. பிரான்ஸ் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். 1962 ஆகஸ்ட் 16-இல் இந்த மண் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாத்தாவின் பேத்தி. அவள் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்துப் படித்தாள். தேர்வு முடிந்ததும் அங்கே போகிறாள். அவளுக்கு வழி அறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு கையெழுத்தில் எழுதப்பட்டுவிட்டது. எங்களில் பலருக்கு இந்த மே மாதத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இறுதியாண்டில் நடந்த நல்லது ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வயல் ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டுத் தெருவுக்குத் தினமும் எங்கள் அம்மாக்கள் மீன் கொண்டுபோகிறார்கள். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் எங்கள் குப்பத்துக்குள் வந்ததே இல்லை. சில கிலோமீட்டர் தூரம்தான். இந்த மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்தபோது, தோழிகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் சனங்களுக்கு அந்தப் பெருமாள் மாப்பிள்ளை; மீனவ குலத்துப் பெண்ணைக் கட்டியவர். மாப்பிள்ளை வந்த சந்தோஷத்தில் எங்கள் ஆட்கள் பல்லக்கைத் தோளில் வாங்கியதைத் தோழிகள் பார்த்தார்கள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டார்கள். நெடுங்காட்டுப் பக்கத்துத் தோழி ஒருத்தி அம்மாவைப் பார்த்து, “நீங்க எங்க தெருவுக்கு வருவீங்கள்ல, பச்ச அன்னக்கூட” என்றாள். அம்மா அவள் வீட்டை அடையாளம் சொன்னார். அவள் பாட்டி எந்த மீன் வாங்குவார் என்றும் சொன்னார். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் நாங்கள் பேசாத ஏதோ ஒன்று அன்று பேசி முடிந்தது.

வயலுக்கு வந்தது, கடலுக்கு வரவில்லை

இந்தச் சின்ன மாவட்டத்தில் படிப்புக்குக் குறை என்று யாரும் சொல்ல முடியாது. பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி 1987-இல் வந்தது. 2010-இல் என்.ஐ.டி. வந்தது. ஜிப்மர் கிளையில் 2016 முதல் மருத்துவம் படிக்கிறார்கள். அண்ணா பெயரிலும் ஔவையார் பெயரிலும் அரசுக் கலைக் கல்லூரிகள், காமராஜர் பெயரில் பொறியியல் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகம் எல்லாம் இருக்கின்றன. வயலுக்கென்று ஒரு கல்லூரி வந்து நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. கடலுக்கென்று ஒரு பட்டப்படிப்பு இங்கே இல்லை.

கடல் படிப்பே இல்லாத பல்கலைக்கழகமா எங்களுடையது? இல்லை. கடலியல், கடல் உயிரியல் துறையும், கடலோரப் பேரிடர் மேலாண்மைப் படிப்பும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திடம் இருக்கின்றன. ஆனால் அவை இருப்பது அந்தமானில், போர்ட் பிளேரில். 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு பிள்ளை, சுனாமியைப் பற்றித் தன் பல்கலைக்கழகத்திலேயே முதுநிலை படிக்க வேண்டுமென்றால் வங்கக் கடலைக் கடந்து போக வேண்டும். அந்தமானும் அதே அலையில் அடிபட்ட மண்தான். அங்கே அந்தத் துறை இருப்பது நியாயம். அதே நியாயம் காரைக்காலுக்கும் உண்டு என்பதே என் வாதம்.

தெற்கே நாகப்பட்டினத்தில் தமிழ்நாட்டின் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2012-இல் தொடங்கியது. வடக்கே பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், பேராசிரியர் ஆர்.வி. சேஷையா தொடங்கி வளர்த்த கடல் உயிரியல் ஆய்வு மையம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில், அரசலாறு கடலில் சேரும் இடத்தில், மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, வாஞ்சூரில் சரக்குத் துறைமுகம் இருக்கிறது, மீனவ ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. படிப்பு மட்டும் இல்லை.

“நம்ம புள்ளைங்க அதப் படிக்குமா? கடல விட்டு வெளிய வரத்தானே படிக்க வெக்கிறோம்” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். வேளாண் கல்லூரியில் படித்த பிள்ளைகள் எல்லோரும் ஏர் பிடிக்கவில்லை. விதை ஆராய்ச்சி, வங்கி, வேளாண் துறை என்று போனார்கள். நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்தார்கள். தடைக்காலம் எத்தனை நாள், சுருக்குமடி வலைக்கு அனுமதி உண்டா இல்லையா, முகத்துவாரத்தை எப்போது தூர்வார வேண்டும் என்று கடலைப் பற்றி முடிவெடுக்கும் மேசைகளும் இருக்கின்றன. அங்கே எங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் காணோம். மனுக் கொடுக்கும் வரிசையில்தான் நிற்கிறோம். அந்த மேசையில் உட்காரும் வரைக்கும் படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் இன்னும் வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதற்குப் பெரிய கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். நான்காம் ஆண்டு ஆய்வு என்று புதுத் திட்டமே இடம் கொடுக்கிறது. விலங்கியல் படிப்பவர் துறைமுகத்தில் எந்தெந்த மீன் எந்த மாதம் குறைகிறது என்று பதிவு செய்யலாம். கணினி படிப்பவர் இன்காய்ஸ் தகவலையும் எங்கள் பெரியவர்கள் சொல்லும் நீவாட்டையும் ஒப்பிடலாம். தமிழ் படிப்பவர், சுனாமி அன்று நடந்ததை, பார்த்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியில் எழுதி வைக்கலாம். எங்கள் ஆயாவைப் போன்றவர்கள் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்கள்? நாங்கள் அந்தக் காலையைப் பார்க்காத அணி. கேட்டு எழுதாவிட்டால் எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அது வெறும் தேதியாகிவிடும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரி அரசுக்கும் என் வேண்டுகோள் இது: காரைக்கால் வளாகத்தில் கடலியலையும் கடலோரப் பேரிடர் மேலாண்மையையும் தொடங்குங்கள். அதுவரை, இறுதியாண்டு மாணவர்கள் இந்தக் கரையைப் பற்றிச் செய்யும் புராஜெக்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடாமல், ஊர் நூலகத்தில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். தடைக்காலத்தில் வரும் தேர்வுக் கட்டணத்தை மீனவ வீட்டுப் பிள்ளைகள் ஜூன் 14-க்குப் பிறகு கட்ட அவகாசம் கொடுங்கள். எங்கள் ஊரில் இன்று பிளஸ் டூ முடித்துவிட்டு நிற்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: கல்லூரியில் சேரும்போது வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கரையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். வகுப்பில் அதைப் பற்றிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மறுபடியும் கேளுங்கள்.